கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடல்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, அரிப்பையும் சிலாவத்துறையையும் அடுத்து வளைந்து கிடப்பது கொண்டச்சிக் குடா. இன்று பார்ப்பவர்களுக்கு அது மணலும் முட்செடியும் சூழ்ந்த அமைதியான ஒரு கடற்கரையாகவே தோன்றும். ஆனால் 1803 ஆம் ஆண்டில் இலங்கையைப் பற்றி நூலொன்று வெளியிட்ட கப்டன் பேர்சிவல், முத்துக்குளிப்புக் காலத்தில் இக்குடாவிற் கூடிய தோணிகளையும், பல தேசத்திலிருந்தும் வந்து குவிந்த சனத்திரளையும் வியப்போடு வருணித்திருக்கிறார். அத்தனை பேரையும் அங்கு இழுத்தது கரைக்கு அப்பால், கடலின் அடியிற் கிடந்த சில பாறைத் தளங்களே. அவற்றைத் தமிழர் 'பார்' என்று அழைத்தனர். ஆங்கில அறிக்கைகளும் அச்சொல்லை மாற்றாமல் எடுத்தாண்டன.

பார்கள் ஓராண்டு நிறைந்திருக்கும். பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடக்கும். 1905 ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டில் இப்பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த கம்பனி, 1907க்குப் பின் சிப்பியைக் காணாது, சில ஆண்டுகளிற் கலைந்துபோயிற்று. இந்த ஏற்ற இறக்கத்தின் காரணத்தை ஆராயவே பேராசிரியர் ஹேட்மன் 1902 ஆம் ஆண்டில் இலங்கைக்கு அழைக்கப்பட்டார். அவரும் அவருடைய உதவியாளர் ஜேம்ஸ் ஹோணலும் செய்த ஆராய்ச்சி 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. மணல் பெயர்ந்து மூடுதல், இடநெருக்கடி, திருக்கை மீன் முதலிய பகைவர்கள் எனப் பல காரணங்கள் அதிற் கூறப்பட்டன. பெருங்கடலிலேயே சிப்பியின் வாழ்வு இத்துணை நிலையற்றதாயின், வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் அத்தகைய உயிர்களை வாழவைக்க முயல்வோரின் பாடு எத்தகையதென்று எண்ணிப் பார்க்கலாம்.

முத்துச்சிப்பியும், சங்கும், முருகைக்கல்லை உண்டாக்கும் சிற்றுயிர்களும் உருவத்தில் வெவ்வேறானவை; செய்யும் தொழில் ஒன்றே. நீரிற் கரைந்திருக்கும் சுண்ணாம்பை எடுத்து அவை கல்லாக்குகின்றன. சிப்பியின் ஓடும், அதனுள் விளையும் முத்தும், முருகையின் கிளையும் யாவும் கல்சியங் காபனேற்று என்னும் ஒரே பொருளால் ஆனவை. நாம் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் அதே பொருளைச் சூளையிற் சுட்டுப் பெறுவதுதான். ஆகவே முருகைத் தொட்டி வளர்ப்போன் மீன் வளர்ப்பவனைப் போன்றவனல்லன். கற்கொத்தர் பலரை வீட்டில் வைத்து, அவர்களுக்கு நாள்தோறும் கல்லும் சாந்தும் கொடுக்கக் கடமைப்பட்டவனை ஒத்தவன்.

கடலில் இந்தக் கடமையை யார் செய்கிறார்? சலெஞ்சர் என்னும் கப்பல் உலகைச் சுற்றிச் சேகரித்த 77 நீர் மாதிரிகளைத் தித்மார் என்னும் இரசாயன அறிஞர் பகுத்தாய்ந்து 1884 இல் முடிவுகளை வெளியிட்டார். கடல்நீரின் மொத்த உப்பு இடத்துக்கிடம் கூடினும் குறையினும், அதிலுள்ள பெரும் பொருள்கள் ஒன்றுக்கொன்று கொண்டுள்ள விகிதம் பெரும்பாலும் மாறுவதில்லை என்பது அவர் கண்ட உண்மை. மன்னார்க் கடலும் இவ்விதிக்கு விலக்கன்று. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் வங்காள விரிகுடாவின் உவர்ப்புக் குறைந்த நீர் இப்பக்கம் வரும். அருவி ஆறு பெருகி அரிப்புக்கு அருகே கடலிற் கலக்கும். தென்மேற்குக் காற்றுக் காலத்திலோ அரபிக் கடலின் உவர்ப்பு மிகுந்த நீர் வந்து சேரும். உப்பு ஏறி இறங்கினாலும், கல்சியமும் மகனீசியமும் பிறவும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்குகின்றன. கரையின் அருகே ஆற்றுநீர் கலக்குமிடத்தில் இந்த விகிதம் சற்றுப் பிசகுமென்பது உண்மையே. ஆனால் அப்பாலுள்ள கடல் விரைவில் அதனைச் சரிசெய்துவிடும். கடலிற் கோடானுகோடிச் சிப்பிகள் ஓடு கட்டினாலும், அதன் அளவுக்கு அது கடுகளவே.

கண்ணாடித் தொட்டியில் இவ்விதி செல்லாது. அங்கே நீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. உயிர்கள் சில பொருள்களை மாத்திரம் எடுக்கின்றன, மற்றவற்றைத் தொடுவதில்லை. ஒவ்வொரு பொருளும் தன் வழியே போகிறது. ஒன்றை அளந்தால் மற்றவற்றை அறியலாம் என்ற கடலின் வசதி இங்கே இல்லை. தொட்டி வளர்ப்பின் இரசாயனச் சங்கடங்களெல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

இச்சங்கடம் புதியதன்று. 1846 ஆம் ஆண்டில் அன்னா தின் என்னும் ஆங்கில அம்மையார், டோர்க்கி என்னும் கடற்கரை ஊரிலிருந்து உயிருள்ள கல்முருகைகள் சிலவற்றை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். கடலோ தொலைவில். அவருடைய பணிப்பெண் திறந்த சன்னலின் அருகே நின்று, நம்மூரிற் பால் ஆற்றுவதைப் போலக் கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிமாறி ஊற்றிக் காற்றூட்டுவாள். பின்னர் அந்த அம்மையார் கடற்பாசியையும் தொட்டியில் இட்டு, நீரைத் தூய்மையாக வைத்திருக்கும் வழியைக் கண்டார். ஒரு நூற்றாண்டு கழித்து, ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து உயிர்கள் ஒட்டிய கற்களையே எடுத்துவந்து தொட்டியில் அடுக்கி, மெல்லிய காற்றுக் குமிழிகளை மாத்திரம் விட்டு, முருகைகளைப் பேணிய முறையை 1961 இல் எழுதி வெளியிட்டார். இன்றைய முருகைத் தொட்டிகள் பல அவர் வழியினவே.

முதலில் உப்பை எடுத்துக்கொள்வோம். கடல்நீரின் ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 35 கிராம் உப்புப் பொருள்கள் உள்ளன. 100 லீற்றர்த் தொட்டியொன்றிலிருந்து வறண்ட காற்று வீசும் நாளொன்றில் 2 லீற்றர் நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், 35 என்பது ஒரே நாளில் 35.7 ஆகிவிடும். மூன்று நாள் கவனியாது விட்டால் 37ஐத் தாண்டும். குறைந்த நீருக்குப் பதிலாகக் கடல்நீரையே ஊற்றுவது புதியவர்கள் செய்யும் தவறு. போனது வெறும் நீர்; அதற்கு ஈடாக ஊற்ற வேண்டியதும் வெறும் நீரே. ஆனால் கொண்டச்சிப் பக்கத்துக் கிணற்றுநீர் இதற்கு ஏற்றதன்று. யாழ்ப்பாணத்திலிருந்து மன்னார் வழியாகப் புத்தளக் கரைவரை நிலத்தின் கீழே கிடப்பது சுண்ணாம்புக்கல். அதனூடு ஊறிவரும் நீர் கடினமானது, பலவும் கரைந்தது. தூய பாத்திரத்திற் பிடித்த மழைநீரோ, காய்ச்சி வடித்த நீரோ, நுண்சவ்வின் வழியே அழுத்தி உப்பு நீக்கிய நீரோ நன்று. எந்த நீரையும் செப்புக் குடத்திலோ பித்தளை அண்டாவிலோ வைத்தெடுத்தல் ஆகாது. மனிதருக்குத் தீங்கு செய்யாத சிறிதளவு செம்பும் முருகைக்கும் சிப்பிக்கும் நஞ்சாகும்.

மன்னார் உப்பளத்தில் நல்ல உப்பு மலிவாகக் கிடைக்கையில் அதனைக் கரைத்துக் கடல்நீர் செய்யலாகாதா என்று கேட்பவர் உண்டு. உப்பளத்தில் நிகழ்வதை அறிந்தால் இதற்கு விடை தானே கிடைக்கும். வெயிலிற் கடல்நீர் வற்றும்போது முதலிற் படிவது சுண்ணாம்பு. அடுத்துப் படிவது ஜிப்சம். அதன் பின்னரே சமையலுப்பு விளைகிறது. மகனீசிய உப்புகள் கசப்பான எஞ்சிய நீரோடு வெளியேற்றப்படுகின்றன. ஆகவே நமது உப்புச் சாடியிலுள்ளது கடலின் ஒரு பகுதியே. முருகை வேண்டும் கல்சியமும் மகனீசியமும் பாத்தியிலேயே பிரிந்துபோயின. கடலின் விகிதப்படி செய்து விற்கப்படும் உப்புக் கலவையையோ, இயற்கைக் கடல்நீரையோதான் கொள்ளவேண்டும். கடல்நீர் எடுப்போர் மாரிக்காலத்தில் ஆற்றுவாய்களின் அருகே எடாது, வறண்ட மாதங்களிற் கரையைவிட்டு எட்டச் சென்று எடுத்தல் வேண்டும். அந்நீரை இருட்டிற் சில நாள் தெளியவைத்து வடித்தெடுப்பர்.

இனி, யாவற்றிலும் முக்கியமான சுண்ணாம்புக் கணக்கு. இதிலேதான் பலர் வழிதவறுகின்றனர். ஒரு லீற்றர்க் கடல்நீரிற் கல்சியம் ஏறத்தாழ 410 மில்லிகிராம் உண்டு. அது முழுவதும் கல்லாக மாறுமாயின் 1,000 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல் கிடைக்கும். ஆனால் கல்லுக்குக் கல்சியம் மட்டும் போதாது; காபனேற்றும் வேண்டும். அதனைத் தரும் சேமிப்பே நீரின் காரத்தன்மை எனப்படுவது. கடலில் இச்சேமிப்பு லீற்றருக்கு ஏறத்தாழ 115 மில்லிகிராம் கல்லுக்கே போதுமானது. கல் மலைபோல் இருக்கிறது, சாந்து ஒரு கூடைதான் என்று இதனைச் சொல்லலாம். தொட்டியிலுள்ள முருகைகள் நாளொன்றுக்கு லீற்றருக்கு 10 மில்லிகிராம் கல் கட்டினால், கல்சியம் 410இலிருந்து 406க்கு இறங்கும். சாதாரணச் சோதனைப் பெட்டி இந்த மாற்றத்தைக் காட்டவும் மாட்டாது. காரத்தன்மையோ 115இலிருந்து 105க்கு வீழ்ந்துவிடும். ஒரு வாரம் சென்றால் 45. அதற்கு வெகு முன்னரே முருகையின் வளர்ச்சி தளர்ந்துவிடும். வாரந்தோறும் கல்சியத்தை அளந்து, 'குறையவில்லையே' என்று திருப்தியடைந்திருப்பவர், காலியான பெட்டியை விட்டு நிறைந்த பெட்டியை எண்ணிக்கொண்டிருப்பவர். அளக்க வேண்டியது காரத்தன்மையை; அதுவும் குறிப்பிட்ட ஒரே நேரத்தில்.

நீர்மாற்றம் இதற்குப் பரிகாரமாகாதா? சிறிதளவே ஆகும். வாரம் ஒருமுறை பத்திலொரு பங்கு நீரை மாற்றினால், உண்டான குறையிலும் பத்திலொரு பங்குதான் தீரும். 70 மில்லிகிராம் குறைந்த இடத்தில் 7 மில்லிகிராமே திரும்பிவரும். முருகை சில துண்டுகளே உள்ள தொட்டிக்கு அது போதலாம். நிறைந்த தொட்டிக்கு நாள்தோறும் ஈடு செய்தல் வேண்டும்.

ஈடு செய்யும் வழிகளிற் பழையதும் எளியதும் தெளிந்த சுண்ணாம்பு நீரே. ஜேர்மன் மொழியில் எழுதிய பீற்றர் வில்கன்ஸ் என்பவர் 1970களில் இதனைத் தொட்டி வளர்ப்போரிடையே பரப்பினார். ஆயினும் சுண்ணாம்பு நீர் எமது மக்கள் அறியாததன்று. இக்கரையோரத்தார் சிப்பியையும் முருகைக்கல்லையும் சூளையிற் சுட்டு, நீற்றி, சுவருக்கும் வெற்றிலைக்கும் பயன்படுத்தியவர்களே. முருகை கட்டிய கல், நெருப்பிலே காபனீரொட்சைட்டை இழந்து சுண்ணாம்பாகிறது. நீரிற் கரைந்து, காற்றிலும் நீரிலுமுள்ள காபனீரொட்சைட்டை மீண்டும் ஏற்று, மறுபடியும் முருகையின் உடலிற் கல்லாகிறது. ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பிற் பிற பொருள்கள் கலந்திருக்கலாமாகையால், தூய நீறிய சுண்ணாம்பையே தொட்டிக்குக் கொள்ளவேண்டும்.

ஒரு லீற்றர் தூய நீரில் ஒன்றரைக் கிராமுக்குச் சற்று மேலான சுண்ணாம்பே கரையும். மிகுதி அடியிற் படியும்; மேலேயுள்ள தெளிவையே எடுப்பர். அத்தெளிவு ஒரு லீற்றர், ஏறத்தாழ 2 கிராம் கல்லுக்கு வேண்டிய கல்சியத்தையும் காரத்தன்மையையும் ஒருங்கே, அதுவும் முருகை எடுக்கும் அதே விகிதத்தில், கொடுக்கிறது. மேலே கூறிய 100 லீற்றர்த் தொட்டிக்கு நாளொன்றுக்குத் தேவை ஒரு கிராம் கல்; ஆகவே அரை லீற்றர் தெளிவு போதும். ஆவியாகும் 2 லீற்றருக்கு ஈடாக ஊற்றும் நீரில் இந்த அரை லீற்றரும் அடங்கிவிடுகிறது. ஆயினும் சுண்ணாம்பு நீர் கடுங்காரம். கண்ணிற் பட்டால் தீங்கு. தொட்டியில் ஒரேயடியாகக் கொட்டினால் நீர் பால்போல் வெளுத்து, கொடுத்த சுண்ணாம்பு மாத்திரமன்றி முன்பிருந்ததும் சேர்ந்து பொடியாகப் படிந்துவிடும். துளித்துளியாக விடுதல் வேண்டும். மகனீசியம் லீற்றருக்கு 1,300 மில்லிகிராம் அளவில் இருக்குமாயின் இத்தகைய வீண்படிவு எளிதில் நேராது; அதனை மாதமொருமுறை அளந்தாற் போதும்.

துளி விடுவதற்கு ஏற்ற வேளை இரவு. பகலில் முருகையின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளியின் துணையோடு காபனீரொட்சைட்டை உட்கொள்ளும். இரவில் யாவும் மூச்சுவிடுதலன்றி வேறு செய்வதில்லையாதலால் அவ்வாயு நீரிற் சேர்ந்து அதனை அமிலப் பக்கமாகத் தள்ளும். அமிலகார நிலையைக் காட்டும் பீ.எச். எண் விடியற்காலையில் 7.9 ஆகவும் மாலையில் 8.3 ஆகவும் நிற்பது தொட்டிகளில் வழக்கம். இரவில் விடும் சுண்ணாம்பு நீர் மிகுந்த வாயுவை ஏற்றுக்கொண்டு அந்த இறக்கத்தையும் தணிக்கிறது. இதனை அறியாமல், விடியற்காலையில் எண்ணைப் பார்த்துப் பதறி மருந்து ஊற்றுவோரும் உளர். அடைத்த அறையிற் பலர் உறங்கினாலும் இந்த எண் குறையும். சன்னலைத் திறந்துவிட்டாற் பல சமயம் அது தானே ஏறும். அன்னா தின் அம்மையாரின் சன்னல் இங்கே நினைவுக்கு வரவேண்டும்.

அடுத்தது கழிவு. மீனின் கழிவும் எஞ்சிய உணவும் அழுகி அமோனியாவாகும். கடல்நீர் காரச் சார்புடையதாகையால், அமோனியா நன்னீரிலும் பார்க்க இங்கே கொடிய நஞ்சு. கற்களின் துளைகளில் வாழும் பற்றீரியாக்கள் இதனை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இப்பற்றீரியாக்கள் பெருகி நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். அதற்கு முன் மீனையும் முருகையையும் இட்டு, அவை மாள்வதைக் கண்டு, தொட்டி வளர்ப்பையே கைவிட்டவர்கள் மிகப் பலர். இம்மாற்றத்தில் அமிலமும் உண்டாகி, சாந்துக் கூடையான காரத்தன்மையிற் சிறிது செலவாகிறது. கல்லின் பின்னால் இறந்து கிடக்கும் ஒரு சிறு மீன் இவ்வாறு முருகையின் கல் வேலையையும் கெடுக்கும்.

அளவுகள் சரியாயிருத்தலிலும் பார்க்க அவை அசையாதிருத்தல் முக்கியம் என்பது அனுபவசாலிகளின் துணிவு. காரத்தன்மையை அவர்கள் 'பாகை' என்னும் அளவிற் கூறுவர். கடலில் அது ஏறத்தாழ ஆறரைப் பாகை. தொட்டியில் 7க்கும் 9க்கும் இடையில் எந்த அளவிலும் முருகை வாழும். ஆனால் இன்று 6, நாளை 9 என்று ஆட்டினால் நுனியிலிருந்து தசை உரிந்து வெறும் எலும்பு வெளிப்படும். குறைந்ததைக் கண்டவுடன் ஒரே பிற்பகலில் நிரப்பிவிட நினைப்பது, குறைவைக் கவனியாதிருப்பதிலும் அதிகக் கேட்டைத் தரலாம். நாளுக்கு ஒரு பாகைக்கு மேல் உயர்த்தாதிருத்தல் நல்ல வழக்கம். வெப்பமும் அப்படியே: 25 முதல் 27 பாகை சென்ரிகிரேட்டுக்குள் நிலைத்திருத்தல் நன்று. கோடையில் மன்னார்ப் பக்கத்து வீடுகளில் இதுவே கடினமான பகுதி. நீரின் மேல் விசிறியை ஓடவிட்டால் குளிரும், ஆனால் ஆவியாதல் கூடி உப்புக் கணக்கு மாறும்.

தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973 இல் வளர்ப்பு முத்தை விளைவித்து, 1981 இல் முத்துச்சிப்பியின் குஞ்சுகளையும் தொட்டியிலே பொரித்து வளர்த்தபோது, எதிர்கொண்டவையும் இவ்வகைச் சிக்கல்களே. கண்ணுக்குப் புலப்படாத அக்குஞ்சுகள் சில வாரம் நீரில் மிதந்து திரிந்த பின்னரே ஓரிடத்தில் ஒட்டும். அதுவரை நீரை வடித்து, உணவுப் பாசியை அளந்து கொடுத்து, உப்பையும் வெப்பத்தையும் காத்தல் வேண்டும். கடலிலே பார்கள் ஏன் நிறைகின்றன, ஏன் வெறுமையாகின்றன என்ற பழைய வினாவை அணுகுவதற்கு, இவ்வாறு தொட்டியிற் பெற்ற அறிவும் ஓர் உதவியாயிற்று.

வீட்டுத் தொட்டிக்கு உயிர்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் கூறாது விடுதல் முறையன்று. இலங்கையில் முருகைப் பாறையை உடைத்தெடுத்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. இந்தியாவிலும் கல்முருகைகள் 2001 ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையிற் சேர்க்கப்பட்டுள்ளன. 1998 ஆம் ஆண்டிலும் 2016 ஆம் ஆண்டிலும் கடல் வெப்பமேறியபோது இலங்கைக் கரையின் முருகைகள் வெளுத்தன. பல இடங்களில் மடிந்தன. இந்நிலையில், கடலிலிருந்து களவாக உடைத்த துண்டொன்று அறியாமையாலே தொட்டியில் மாள்வது இரட்டை இழப்பு. தொட்டியிலே வளர்ந்த தாய்க் கிளையிலிருந்து வெட்டி ஒட்டிய துண்டுகளைச் சட்டப்படி பெறுவோர் கடலைத் தொடவேண்டியதில்லை. அத்தகைய துண்டுகள் தொட்டி நீருக்குப் பழகியவையும் ஆகும்.

அடைத்த அறையில் மனிதர் விடும் மூச்சு தொட்டி நீரின் எண்ணைக் குறைப்பதுபோலவே, உலகம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் கடலின் எண்ணைக் குறைத்துக்கொண்டிருக்கின்றன. கைத்தொழிற் புரட்சிக்கு முன் வளிமண்டலத்தில் பத்து இலட்சத்துக்கு 280 பங்காயிருந்த காபனீரொட்சைட்டு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. கடலின் மேற்பரப்பு நீர் 8.2இலிருந்து 8.1க்கு இறங்கியுள்ளது. எண்ணிற் சிறியதாகத் தோன்றினும், அமிலத்தன்மையில் இது ஏறத்தாழ 30 வீத உயர்வு. கொண்டச்சிக் கடலிற் சிப்பிக் குஞ்சொன்று தன் முதல் ஓட்டைக் கட்டத் தொடங்கும்போது, அதற்கு வேண்டிய காபனேற்று முன்னைய நூற்றாண்டுகளிலும் பார்க்கக் குறைவாகவே அந்நீரில் உண்டு. தொட்டிக்கு அரை லீற்றர் சுண்ணாம்பு நீர் போதும். திறப்பதற்குச் சன்னலும் உண்டு. கடலுக்கு அவ்விரண்டும் இல்லை.